உள்ளே நின்ற ஈரம்: ஒரே ஜன்னல் மூலையை எபாக்ஸியால் இரண்டு முறை சரிசெய்த கதை

பெயிண்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலின் இடது கீழ்மூலையில், பக்கச்சட்டம் கீழ்ச்சட்டத்தில் இறங்கும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அதையொட்டி பெயிண்டில் சின்னதாக ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன். மெத்தென்று அமுங்கியது. குத்தூசியை வைத்து லேசாகத் தள்ளியதும் நான்கு செ.மீ. வரை தடையே இல்லாமல் உள்ளே போனது. வெளியே இழுத்தால் ஊசி நனைந்திருந்தது. மழை விட்டு ஒன்பது நாள் ஆகியும் உள்ளே அவ்வளவு ஈரம்.

அந்த மூலையை நான்கு வருடங்களுக்கு முன்பு நானே எபாக்ஸி வைத்து அடைத்திருந்தேன். இரண்டு பொருட்களைக் கலந்தால் இறுகிவிடும் பிசின் அது. கல் மாதிரி இறுகியிருந்தது, தட்டினால் டக் டக் என்று சத்தம் வந்தது. இனி இந்த ஜன்னலைப் பற்றிக் கவலையில்லை என்று நம்பினேன். அந்தப் பழுது ஏன் தோற்றது, இரண்டாவது முறை என்ன மாற்றினேன், இரண்டரை வருடம் கழித்து அந்த மூலை எப்படி இருக்கிறது என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். மர வேலையில் எபாக்ஸியை நம்பி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நான் தவறிய அதே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

முதல் முறை செய்தது

ஜன்னல் பழையது, மரம் நல்ல மரம். கீழ்ச்சட்டம் 120 செ.மீ. நீளம், ஏழரை செ.மீ. கனம். இடது ஓரத்தில் கைப்பிடி அளவுக்கு இற்றுப்போயிருந்தது. கையோடு வந்த மக்கலையெல்லாம் உளியால் சுரண்டினேன். வெப்பக்காற்று ஊதும் கருவியை அரை மணி நேரம் காட்டினேன். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. இளக்கமான எபாக்ஸியைத் தூரிகையால் ஒரு முறை தடவி, அதன் மேல் இரண்டு பகுதியாக வரும் எபாக்ஸி பட்டியைப் பிசைந்து வைத்து அடைத்தேன். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, பெயிண்ட் அடித்தேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

இதில் எபாக்ஸியைக் கலந்த விதத்தில் குறை ஒன்றும் இல்லை. கலவை சரியாக இருந்தது, நன்றாக இறுகியது. முக்கியமான தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

பிரித்தபோது

ஒட்டின் விளிம்பில் உளியை வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினேன். மொத்த ஒட்டும் ஒரே கட்டியாகக் கையில் வந்துவிட்டது. உடைத்து எடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் தயாராக இருந்தேன். அதை அப்படியே திருப்பிப் பார்த்தேன். வெளிமுகத்தில் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. உள்முகத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய குழியின் அச்சு, மரத்தின் ஒவ்வொரு நார்க்கோடும் விழுந்து, துல்லியமாகப் பதிந்திருந்தது. அந்தக் கோடுகளின் மேல் கறுப்பாக ஈரப் படலம். பின்னால் இருந்த மரம் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, நகத்தால் கீறினாலே தூளாக உதிர்ந்தது. ஒட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரம்தான் கரைந்துபோயிருந்தது.

இப்படிப் பார்த்ததும் பலர் கரையான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கரையான் அரித்த மரத்தில் நார் போகும் போக்கிலேயே அறைகள் இருக்கும், மண் பூசியிருக்கும். வண்டு உளுத்த மரத்தில் வட்டமாகத் துளைகள் இருக்கும், மாவு மாதிரித் தூள் கொட்டும். இங்கே துளை இல்லை, மண் இல்லை. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. இது பூஞ்சை செய்யும் வேலை, பழுப்பு அழுகல் என்பார்கள். இந்தப் பூஞ்சை மரத்தின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, பழுப்பு நிற லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது மரத்தைக் கெடுத்துவிடுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளேயே அதிர்ச்சியைத் தாங்கும் திறனில் பாதிக்கு மேல் போய்விடலாம். அதனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்ட மரத்தைக் குத்திப் பார்க்காமல் நம்பக்கூடாது.

பூஞ்சைக்குக் காற்றும், மிதமான வெப்பமும், தின்ன மரமும், தண்ணீரும் வேண்டும். முதல் மூன்றும் எப்போதும் இருக்கும், நம்மால் தடுக்க முடிவது தண்ணீரை மட்டும்தான். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் அழுகல் வேர்பிடிக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நின்றுவிடும். ஆனால் பூஞ்சை செத்துவிட்டதாக அர்த்தமில்லை. ஈரம் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இரண்டு முள் உள்ள ஈரமானியைக் குழிக்குள் குத்தியபோது 31 காட்டியது. சட்டத்தின் நடுவில் 12. வலது கீழ்மூலையையும் பார்த்துவைத்தேன், அங்கே 22. மரம் இன்னும் கெட்டியாக இருந்தது, குத்தூசி இறங்கவில்லை. இந்த 22-ஐ அன்று ஒரு நோட்டில் குறித்துவைத்தது பின்னால் மிகவும் உதவியது.

எபாக்ஸி என்ன செய்துவிட்டது என்பது இப்போது விளங்கியது. அது நீரை மிகக் குறைவாகத்தான் ஊடுருவ விடும். வெளிமுகத்தை அதனால் மூடியபோது, வேறு வழியில் உள்ளே வந்த ஈரம் வெளியேறும் பாதையையும் சேர்த்து மூடிவிட்டேன். ஒட்டு போடாமல் விட்டிருந்தால் வெயில் நாட்களில் கொஞ்சமாவது காய்ந்திருக்கும்.

எபாக்ஸி ரெசின் 1930-களிலும் 1940-களிலும் உருவான பொருள். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டானும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே அதை உருவாக்கினார்கள். மரத்தோடு அது நெருங்கிப் பழகியதில் படகு கட்டுகிறவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குறிப்பாக மிச்சிகனைச் சேர்ந்த கூஜான் சகோதரர்கள், நன்கு உலர்ந்த மரத்தை எல்லாப் பக்கமும் எபாக்ஸியால் போர்த்திவிடும் முறையைப் பரப்பினார்கள். எல்லாப் பக்கமும் என்பதுதான் இதில் முக்கியம். வீட்டு ஜன்னலின் சட்டத்தை அப்படிப் போர்த்த முடியாது. அதன் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது, மூட்டுக்குள் செருகிய நாக்கு போன்ற முனை, அதாவது கழுந்து, இருக்கிறது, ஆணித்துளை இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கி அடைத்தால் படகுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிடைக்காது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும்.

தண்ணீர் வந்த வழி

இந்த முறை பட்டி டப்பாவைத் திறக்கும் முன், பல வருடம் நிலையும் கதவும் செய்த ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழியைச் சில நொடிதான் பார்த்தார்.

“தம்பி, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். வாங்கி, ஜன்னலின் வெளிப்பக்கம் கீழ்ச்சட்டத்தின் மேல் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் முன்விளிம்புக்கு ஓடியது. அங்கே சொட்டி விழும் என்று நினைத்தேன்.

“மேலே பாக்காதீங்க. குனிஞ்சு அடியில பாருங்க.”

குனிந்து பார்த்தேன். விளிம்பைத் தாண்டிய தண்ணீர் கீழே விழவில்லை. சட்டத்தின் அடிமுகத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கிப் பின்னால் ஊர்ந்தது. ஒரு சொட்டு, அதன் பின்னால் இன்னொன்று, இடது மூலைப் பக்கம் சாய்ந்து போய், சுவரும் மரமும் சேரும் இடுக்கில் நுழைந்து மறைந்தது.

“இங்க ஒரு காடி இருந்திருக்கணுமே, ஐயா?” என்று கேட்டேன். இன்னொரு ஜன்னலின் அடியில் அப்படி ஒரு நீளப் பள்ளத்தைப் பார்த்த ஞாபகம் அப்போதுதான் வந்தது.

“இருக்கு. பெயிண்ட் அடிச்சு அடிச்சு மூடிட்டீங்க.”

உளி முனையால் அடியில் சுரண்டிக் காட்டினார். சட்டத்தின் அடிமுகத்தில், முன்விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி, நீளமாக ஒரு காடி எடுத்திருந்தார்கள். பின்னால் ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தக் காடியின் விளிம்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிட வேண்டும், அதற்காகத்தான் அது. வருடக்கணக்காக அடித்த பெயிண்டும் அழுக்கும் அதைச் சமமாக நிரப்பிவிட்டிருந்தன. நானும் முதல் பழுதின்போது அதன் மேல் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன். வழவழப்பாக இருக்கிறது என்று திருப்திப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

அடுத்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். கீழ்ச்சட்டத்தின் மேல்முகத்தில் வெளிப்பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். மற்ற இடத்தில் இருந்தது. என் ஒட்டு இருந்த இடத்தில் மட்டும் இல்லை. தேய்க்கும்போது ஒட்டைச் சுற்றியிருந்த மரத்தைவிட ஒரு மி.மீ. உயரமாக விட்டுவிட்டிருந்தேன். அந்த ஒரு மி.மீ. மேடு ஒரு வரப்பு மாதிரி நின்று, பக்கச்சட்டத்தின் அடிக்கும் தனக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கியது. பக்கச்சட்டத்தின் அடி என்பது மரத்தின் வெட்டுமுகம். நார்களின் திறந்த வாய்கள் அங்கே இருப்பதால், பக்கவாட்டு முகம் உறிஞ்சுவதைவிட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஜன்னல், கதவு, வேலிக்கால் என்று எங்கே மரம் இற்றுப்போனாலும் அது பெரும்பாலும் ஒரு வெட்டுமுகத்தில் தொடங்குவது இதனால்தான்.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா

நிலையையே கழற்றி மாற்றிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். தச்சர் குத்தூசியால் இரண்டு செ.மீ.க்கு ஒரு குத்தாகச் சட்டம் முழுவதும் பார்த்தார். கீழ்ச்சட்டத்தில் இடது ஓரத்திலிருந்து 22 செ.மீ. கெட்டிருந்தது. பக்கச்சட்டத்தில் அடியிலிருந்து 9 செ.மீ., அதுவும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும். மீதியெல்லாம் வைரம் பாய்ந்த கட்டை, மரத்தின் கெட்டியான உள்பகுதி. கெட்டது பெரும்பாலும் வெளிறு, அதாவது சீக்கிரம் இற்றுப்போகும் வெளிப்பகுதி, இருந்த ஓரம். இப்படிப்பட்ட மரத்தை இருபத்திரண்டு செ.மீ.க்காகத் தூக்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை. புதிதாக வரும் கட்டையில் வெளிறு எவ்வளவு கலந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பாரம் தாங்காத சட்டம். கூரையைத் தாங்கும் உத்தரமோ, தூணோ, மாடிப்படியின் சட்டமோ இப்படி இற்றிருந்தால் நான் எபாக்ஸியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அங்கே எவ்வளவு மரம் மிச்சமிருக்கிறது, அது எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வாரம் காய விட்டது

முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. அன்று அரை மணி நேரம் காய்ச்சினேன், இந்த முறை ஆறு வாரம் காய விட்டேன்.

பழைய பெயிண்டை மூலையைச் சுற்றி முழுவதும் எடுத்தேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் காய்ந்த நிலையில் தேய்க்கவில்லை, சூடு காட்டி எரிக்கவும் இல்லை. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டினேன். கட்டம் கட்டமாக வெடித்த மரம் முழுவதையும் உளியால் எடுத்து, குழியைத் திறந்து விட்டேன். மேலே மழை படாதபடி ஒரு தகட்டைச் சாய்த்துக் கட்டினேன், பக்கங்களை மூடவில்லை. காற்று போய்வர வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிவிட்டால் உள்ளே வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். பகலில் சில மணி நேரம் மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

திறந்த அன்று 31. ஒரு வாரத்தில் 26. மூன்றாம் வார முடிவில் 19. அப்போதே பட்டியை எடுத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனால் நிறுத்திக்கொண்டேன். ஆறாம் வாரம் 14 காட்டியது. சட்டத்தின் நல்ல பகுதி 12-இல் இருக்கும்போது இது போதும். ஈரமான மரத்தில் எபாக்ஸி சரியாக இறங்காது, ஒட்டவும் ஒட்டாது. நுண்துளைகளில் ஏற்கனவே தண்ணீர் நிற்கும்போது ரெசின் எங்கே போகும்?

அப்புறம் போரேட். டைசோடியம் ஆக்டாபோரேட் என்ற உப்பைத் தண்ணீரில் 10 சதவீதம் அளவில் கரைத்து, குழியிலும் அதைச் சுற்றிலும் இரண்டு முறை தூரிகையால் ஊறவிட்டேன். இது பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். தண்ணீரில் கரைத்துப் பூசியதால் மரம் மறுபடி நனைந்தது, மறுபடி பத்து நாள் காய விட்டேன். உப்பு ஏறிய மரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் ஈரமானி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எனக்கு 18 என்று காட்டி அங்கேயே நின்றது. போரேட் படாத இடத்தில், குழியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி 13 இருந்ததைப் பார்த்துத்தான் காய்ந்துவிட்டது என்று தீர்மானித்தேன். மேலே வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கம்பித் தூரிகையால் தட்டி எடுத்தேன். அதன் மேல் எபாக்ஸி போட்டால் உப்பில் ஒட்டுமே தவிர மரத்தில் ஒட்டாது.

குழி முழுவதையும் பட்டியால் நிரப்பாதது

முதல் முறை கைப்பிடி அளவுப் பள்ளத்தை வெறும் எபாக்ஸியால் நிரப்பினேன். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நாரின் நீளவாக்கில் அந்த அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில் பல மடங்கு அதிகம். எபாக்ஸி ஈரத்தால் அந்த அளவுக்கு அசையாது. பெரிய கட்டியாக அதை மரத்துக்குள் வைத்தால், ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் மரம் நகரும், கட்டி நகராது, விளிம்பில் பிளவு விழும். தலைமுடி அளவுக் கோடு அப்படித்தான் வந்தது, தண்ணீருக்கு இன்னொரு வாசலும் கிடைத்தது.

அதனால் கீழ்ச்சட்டத்தில் மரத்தையே வைத்தோம். கெட்ட 22 செ.மீ. பகுதியை தச்சர் சாய்வாக வெட்டி எடுத்தார். செங்குத்தாக வெட்டியிருந்தால் ஒட்டும் பரப்பு குறைவு. சாய்வாக வெட்டினால் பரப்பும் கூடும், மூட்டின் வெட்டுமுகம் நேராகத் தண்ணீரைப் பார்த்து நிற்காது. அதே வகை மரத்தில், நார் ஓட்டம் ஒத்துப்போகும்படி, வைரப் பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுத்து இழைப்புளியால் இழைத்துப் பொருத்தினார். எபாக்ஸிக்கு அங்கே பசை வேலை மட்டும்தான்.

பக்கச்சட்டத்தின் அடி வேறு விதம். அங்கே கெட்டது சின்ன இடம். கெட்டியான மரம் வரை எடுத்த பிறகும், பஞ்சு மாதிரி ஆகத் தொடங்கியிருந்த ஒரு மெல்லிய அடுக்கு மிச்சமிருந்தது. அதை எடுத்தால் கழுந்தின் தோள், அதாவது மூட்டில் படிந்து நிற்கும் விளிம்பு, போய்விடும். அந்த அடுக்குக்குத்தான் ஊடுருவும் எபாக்ஸி. கரைப்பான் சேர்க்காத, மிக இளக்கமான வகையை வாங்கினேன். 3 மி.மீ. துளைகளைச் சாய்வாக, இரண்டரை செ.மீ. இடைவெளியில் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டினேன். நார் போகும் போக்கில் அது நன்றாக ஓடும், குறுக்கே சில மி.மீ. தாண்டாது. துளை போடுவதே இதற்காகத்தான். மேலே தடவி விட்டால் வெளித்தோல் மட்டும் இறுகும், உள்ளே பஞ்சு பஞ்சாகவே இருக்கும். ஒவ்வொரு துளையும் குடிப்பதை நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப ஊட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இந்த வேலையை மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கினேன். மரம் வெயிலில் சூடேறிக்கொண்டிருக்கும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், ரெசினில் குமிழ் விடும். மரம் குளிர்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும்.

கலவையும் ஒரு புகையும்

என்னிடம் இருந்த எபாக்ஸிக்கு ரெசின் இரண்டு பங்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு என்ற விகிதம், அதுவும் கனஅளவில். கனஅளவில் சொன்ன விகிதத்தைத் தராசில் அப்படியே நிறுக்கக்கூடாது. ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி இல்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவதும் தவறு. ஒன்று மற்றொன்றோடு குறிப்பிட்ட அளவில் வினைபுரிந்துதான் இறுகுகிறது. மிஞ்சியது இறுகாமல் உள்ளேயே கிடந்து மொத்தத்தையும் பலவீனமாக்கும். இரண்டு நிமிடம் நிதானமாக, குவளையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருந்தது ஒட்டுக்குள் போனால் அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

துண்டை ஒட்டும் நாளில் ஒரு தவறு செய்தேன். ஒரேயடியாக முந்நூறு மில்லியைக் குறுகலான ஒரு பிளாஸ்டிக் குவளையில் கலந்துவிட்டு, துண்டு சரியாக உட்காருகிறதா என்று கடைசியாக ஒரு தரம் பார்க்கத் திரும்பினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில் எடுத்தால் குவளை சுட்டது, உள்ளே நிறம் பழுப்பேறி, மேலே புகை எழுந்தது. எபாக்ஸி இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். கெட்டியாக, குவிந்து இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி, இறுகும் வேகத்தை மேலும் கூட்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது நடைமுறைக் கணக்கு. குவளையை அப்படியே வெளியே மண்தரையில் வைத்துவிட்டு, புகை படாமல் தள்ளி நின்றேன். அதன் பிறகு நூறு மில்லிக்கு மேல் ஒரு தடவையில் கலக்கவில்லை. கலந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஊற்றிக்கொண்டேன். தட்டில் மெல்லியதாகப் பரவியிருக்கும்போது அதே கலவைக்கு வேலை செய்யும் நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

ஒட்டும் முகங்கள் இரண்டிலும் முதலில் தூள் எதுவும் சேர்க்காத எபாக்ஸிக் கலவையைத் தடவி ஊற விட்டேன். சாய்வு வெட்டில் நார்வாய்கள் திறந்திருப்பதால் அவை குடித்துக்கொண்டே இருந்தன, மூன்று தடவை பூச வேண்டியிருந்தது. அதன் பிறகு நுண்ணிய சிலிகாவும் மரத்தூளும் சேர்த்து, சாய்த்தாலும் வழியாத பதத்துக்குக் கெட்டியாக்கிய கலவையை வைத்துத் துண்டைப் பொருத்தினேன். கிளாம்ப் போட்டு மரப்பசைக்கு இறுக்குவதுபோல் இறுக்கப் போனேன்.

“போதும் தம்பி, பசை எல்லாம் வெளிய வந்துடும்,” என்றார் தச்சர். அவர் சொன்னது சரி. எபாக்ஸிக்கு மூட்டுக்குள் கொஞ்சம் கனம் நிற்க வேண்டும். ஓரம் முழுவதும் மணி மணியாகப் பிதுங்கியதும் நிறுத்திக்கொண்டோம்.

பக்கச்சட்டத்தின் அடியில், ஊடுருவிய ரெசின் முழுதாக இறுகும் முன், விரலில் லேசாக ஒட்டும் நிலையிலேயே எபாக்ஸி பட்டியை வைத்தேன். அந்த நிலையில் வைத்தால் இரண்டும் வேதியியல் முறையில் பிணைந்துவிடும். முழுதாக இறுகிய பிறகு வைப்பதானால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் வைக்கலாம். ஒரு செ.மீ.க்கு மேல் கனமாக ஒரே தடவையில் வைக்காமல் இரண்டு அடுக்காக வைத்தேன். மறுநாள் தொட்டபோது மெழுகு தடவியது மாதிரி வழுக்கியது. ஈரக்காற்றில் இறுகும்போது சில ஹார்டனர்கள் மேலே விடும் படலம் அது. உடனே உப்புத்தாள் போட்டால் அதைப் பரப்பித்தான் விடுவோம். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், காய்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது ஆயுளுக்கும் போகாது. பிறகு அந்த டப்பாவைத் திறந்தாலே கை தடிக்கும். தோலில் பட்டதைத் தின்னரால் துடைப்பது இன்னும் மோசம், சோப்புத் தண்ணீர் போட வேண்டும். அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கும்போது எழும் தூளும் அதே ஒவ்வாமையைத் தரும், அதனால் முகமூடி கட்டாயம்.

காடியும் வாட்டமும்

இந்த முறை மேடு விடவில்லை. ரசமட்டத்தை வைத்து, ஒட்டின் மேல்முகம் மூலையிலிருந்து வெளிவிளிம்பு வரை தொடர்ந்து சரியும்படி இழைத்தோம். இடையில் தண்ணீர் நிற்க ஒரு இடமும் இல்லை. புதுத்துண்டின் அடியிலும் பழைய காடியின் நேர்கோட்டில் காடி எடுத்தார். பழைய சட்டம் முழுவதும், வலது மூலை வரை, காடியில் அடைத்திருந்த பெயிண்டைச் சுரண்டித் திறந்தார். இதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது.

மூட்டுக்கு அருகில், உள்பக்கமாக, இரண்டு துளை போட்டு போரேட் குச்சிகளை இறக்கி மரச்செருகால் அடைத்தேன். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும் இந்தக் குச்சி மரம் உலர்ந்திருக்கும் வரை அப்படியே கிடக்கும். ஈரம் வந்தால்தான் கரைந்து அந்த ஈரத்தோடு பரவும். சுவர்ப் பக்கத்து முகத்தில் எபாக்ஸி பூசவில்லை. ஏதாவது ஈரம் வந்துவிட்டால் அது போகவும் ஒரு வழி வேண்டும்.

மறுபடி அதே சொம்பால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். விளிம்பைத் தாண்டி அடியில் ஊர்ந்த தண்ணீர், காடியின் ஓரம் வரை வந்து, அங்கே திரண்டு சொட்டியது. பின்னால் ஒரு துளி போகவில்லை.

கடைசியாக பெயிண்ட். எபாக்ஸிக்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஆகாது. மூடாமல் விட்டால் மஞ்சளித்து, மேற்பரப்பு தூளாகும். அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியை ஒட்டி மெல்ல நெகிழவும் தொடங்கும். வெயில் நேராக அடிக்கும் சட்டத்தில் அடர்நிறம் பூசினால் அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். முன்பு இருந்த கரும்பழுப்பை விட்டுவிட்டு வெளிர்நிறம் அடித்தேன். காடிக்குள் ஒரே ஒரு மெல்லிய பூச்சு.

இரண்டரை வருடம் கழித்து

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் மழைக்காலம் முடிந்த இரண்டாம் வாரத்தில், அதே இடங்களில் ஈரமானியைக் குத்திப் பார்க்கிறேன். கீழ்ச்சட்டத்தில் புதுத்துண்டை ஒட்டிய பழைய மரம் 13-க்கும் 15-க்கும் நடுவிலேயே இருக்கிறது. சாய்வு மூட்டின் கோட்டை பெயிண்டின் மேல் கண்டுபிடிக்க முடியவில்லை.

பக்கச்சட்டத்தின் அடியில் அவ்வளவு நன்றாக இல்லை. பதினான்காம் மாதம், பட்டி வைத்த பகுதியின் மேல்விளிம்பில், குறுக்காக ஐந்து செ.மீ. நீளத்துக்கு மெல்லிய கோடு விழுந்திருந்தது. நான் எதிர்பார்த்த இடம்தான், வெறும் எபாக்ஸி மரத்தைச் சந்திக்கும் ஒரே இடம் அது. கத்தி முனையால் கோட்டைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்த்தேன். உள்ளே காய்ந்திருந்தது, ஈரமானி 14 காட்டியது. இழுபடும் தன்மையுள்ள, மேலே பெயிண்ட் ஏற்கும் சீலண்டால் அடைத்து பெயிண்ட் தொட்டேன். அதன் பிறகு திறக்கவில்லை. இன்னொரு முறை செய்வதானால் அந்த இடத்திலும், 9 செ.மீ.தானே என்று பார்க்காமல், ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு பட்டியை இடுக்குக்கு மட்டும் வைப்பேன்.

வலது மூலையை நோட்டில் குறித்துவைத்திருந்தேன் அல்லவா, அன்று 22 காட்டிய மூலை. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் அதுவும் இடது மூலையின் நிலைக்கு வந்திருக்கும். அங்கே உளி வைக்கவில்லை, பட்டி வைக்கவில்லை, போரேட்கூடப் பூசவில்லை. காடியில் அடைத்திருந்த பெயிண்டைச் சுரண்டியது மட்டும்தான் செய்தோம். இரண்டு மாதத்தில் 16-க்கு இறங்கியது, அடுத்த வருடம் 13. போன வாரம் பார்த்தபோதும் 13-தான்.